முகூர்த்த நாளில் கெமா காலியா?

டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்பது, கம்ப்யூட்டரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் ஊரே நம்மிடம் கேட்கும் வேலை. இதே தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த வரியைப் படிப்பதற்குள் உங்களை யாராவது கூப்பிட்டிருப்பார்கள்.

மலேசியாவின் கிள்ளானில் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் கெமா, நாற்காலி, மேசை வாடகைக்கு விடும் கம்பெனியில் இருக்கிறேன். கெமா என்றால் வீட்டு வாசலில் ரோட்டை அடைத்துப் போடுவோமே, அந்தக் கூடாரம். எல்லா புக்கிங்கும் டேட்டாபேஸில் இருக்கிறது. அதிலிருந்து பதில் எடுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இந்த லட்சணத்தில் எனக்கே கல்யாணம் நிச்சயமானது, அதுவும் நல்ல முகூர்த்த நாளில். லீவு கேட்டுப் போனேன். முதலாளி காலண்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்குத்தான் ஊரே கல்யாணம் பண்ணுது. நீங்க இல்லாமலே இங்க இருக்குறவங்க பதில் எடுக்குற மாதிரி செஞ்சிட்டுப் போங்க. இல்லன்னா தாலிய கட்டிட்டு கடைக்கு வாங்க."

அழிந்த கல்யாணம்

பிரவுசரிலேயே டேட்டாபேஸைத் திறந்து காட்டும் இலவச ஓபன் சோர்ஸ் டூல்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதலாவது பழம்பெரும் டூல். அதில் எல்லாம் உண்டு. எல்லாம் இருப்பதுதான் கோளாறு. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அழிக்கும் பட்டன் ஒன்று பளிச்சென்று நின்றது.

கவுன்டரில் புக்கிங் எடுக்கும் லெட்சுமி அக்காவிடம் கொடுத்தேன். நான் கொடுத்தது நகல் என்பது அவருக்குத் தெரியாது. சற்று நேரத்தில் மெதுவாக என் மேசைக்கு வந்து நின்றார்.

"தம்பி, ஷா ஆலம் ஊருல நடக்குற கல்யாணத்த நான் அழிச்சிட்டேன் போல. மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

வெள்ளைப் பெட்டி

இரண்டாவது டூல் ஒரே ஒரு ஃபைல். எடுத்து வைத்தால் போதும், ஓடும். எனக்கு அதன் மேல் காதலே வந்துவிட்டது. தெலுக் பங்லிமா காராங் ஊரில் இருக்கும் எங்கள் ஸ்டோரில் லோரி ஓட்டும் மணி அண்ணனின் போனில் திறந்து கொடுத்தேன். திரையில் கேள்வியை எழுத ஒரு காலிப் பெட்டி, அதில் சிமிட்டிக்கொண்டு ஒரு கோடு. எனக்குப் பழகிப்போன எஸ்கியூஎல் மொழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதையும் இதையும் தட்டிப் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் பதில் கேக்கணும்னா, என்ன வேணும்னு அது முதல்ல என்னைய கேக்கணும்லா, தம்பி."

வண்ணப் படம்

மூன்றாவது டூல் எதைக் கேட்டாலும் படம் போட்டுத் தரும். நாற்காலிக் கணக்கை வட்டப் படமாக வெட்டி ஏழெட்டு நிறத்தில் காட்டினேன். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரசித்துப் பார்த்தார். லீவு கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அழகா இருக்கு. சனிக்கிழமை கெமா இருக்கா, இல்லையா?"

லெட்சுமி அக்காவின் கேள்வி

மணி அண்ணன் சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. நான்காவது டூலில் கேள்வியை நாம் எழுதிச் சேமித்து வைக்கலாம். மற்றவர்கள் தேதியைத் தேர்ந்தெடுத்து ஒரு தட்டு தட்டினால் போதும். பார்க்க மட்டும் அனுமதி கொடுத்து, அழிக்கும் வேலைக்கே இடமில்லாமல் செய்தேன். எத்தனை கெமா காலி, எந்த லோரி எங்கே என்று கேள்விகளைத் தமிழிலேயே பெயரிட்டு வைத்தேன். மணி அண்ணன் லோரியில் உட்கார்ந்தபடியே அன்றைய வேலையைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிப் போனார். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

லெட்சுமி அக்கா மட்டும் வெகுநேரம் திரையை விட்டு நகரவில்லை. பிறகு கூப்பிட்டார்.

"உங்க கல்யாணத் தேதிய போட்டுப் பாத்தேன். உங்க பேர்ல ஒண்ணும் இல்ல. கடைசி கெமா ஒண்ணு காலியா இருந்துச்சு, எப்பவும் புக்கிங் போடுற கவுன்டர் கம்ப்யூட்டர்ல உங்க பேர்ல புக் பண்ணிட்டேன். நாற்காலி எத்தன போடட்டும்?"

மாப்பிள்ளையின் போன்

கம்பெனியில் வேலை செய்கிறவனுக்கு கெமா தானாக வந்து நிற்கும் என்று நான் நினைத்திருந்தேன். வீட்டிலும் அப்படியே அளந்துவிட்டிருந்தேன். அக்கா தேடியிராவிட்டால், கெமா கம்பெனிக்காரன் வீட்டுக் கல்யாணத்தில் விருந்தாளிகள் வெயிலில் நின்றிருப்பார்கள்.

லீவு கிடைத்தது. கல்யாணத்தன்று கிள்ளான் முழுக்க எங்கள் கெமா. என் வீட்டு வாசலிலும் ஒன்று. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தாலி கட்டி முடித்ததும் எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை, கவுன்டருக்கு நானே போன் போட்டேன்.

"இங்க எல்லாம் ஓடுது. நீங்க போன வச்சிட்டு பொண்ணு பக்கத்துல போய் நில்லுங்க, தம்பி."

எந்த டூல் சிறந்தது என்று கேட்கிறவர்களிடம் இப்போதெல்லாம் வேகம், வசதி எதையும் நான் பேசுவதில்லை: நம் கல்யாணத்தன்று நம்மைத் தேடாத டூல் எதுவோ, அதுதான் சிறந்தது.