பின்பக்கமாக ஏறிய மாப்பிள்ளைக் கார்

எங்கள் வீட்டுச் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கும் அகப்பைகளுக்கும் நடுவில் ஒரு மரத்தடி கிடக்கிறது. ஒரு முழ நீளம், விரல் தடிப்பு. ஒரு பக்கத்தில் கத்தியால் கீறிய கோடுகள் இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இலேசாகப் பெற்றோல் மணக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து இது என்ன என்று கேட்பார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், இப்போதெல்லாம் களி கிண்டுகிற தடி என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுகிறேன். கோடுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஆழமானது. அதை அத்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கலியாண மண்டபமொன்றின் கார் தரிப்பிடத்தில் குந்தியிருந்து கீறினார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஜேர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் எங்கள் சனம் கூட்டம் கூட்டமாக லண்டனுக்கு வந்துகொண்டிருந்தபோது அவர்களும் வந்தார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். அத்தானுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஜேர்மனியில் ஒரு கார் தொழிற்சாலையில் பதினேழு வருடம் காருக்கு இடது பின்கதவைப் பொருத்திப் பூட்டினார். வலது கதவு இல்லை, முன்கதவு இல்லை, இடது பின்கதவு மட்டும். கார் பெல்ட்டில் ஊர்ந்து வரும், கதவைப் பூட்டுவார், கார் போய்விடும். அது எங்கே போகிறது, யார் அதை முதன்முதலாக ஸ்டார்ட் பண்ணுகிறார்கள் என்பதை அவர் ஒரு நாளும் கண்டதில்லை. கடைசியில் அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பாமல் போனது. சாமி கும்பிடும்போது ஒரு கை நெற்றிவரை போகும், மற்றது நெஞ்சோடு நின்றுவிடும்.

இனி பெல்ட்டில் நிற்க மாட்டேன் என்றுதான் அவர் லண்டனுக்கு வந்தார். அதை அக்காவிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். வந்த இரண்டாம் வருடம், சேமித்த எல்லாவற்றையும் போட்டு ஒரு பழைய கார் வாங்கினார். சும்மா பழசு இல்லை. உலகத்தில் முதன்முதலாகப் பெல்ட்டில் வைத்து இலட்சக்கணக்கில் செய்த கார், மொடல் 'T', எங்கள் வாயில் மொடல் ரி. அதுவரை கார் என்பது பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான். ஒவ்வொன்றையும் ஆட்கள் சுற்றி நின்று நாட்கணக்கில் செய்வார்கள். இந்தக் கார் வந்த பிறகு ஆட்கள் நின்ற இடத்தில் நின்றார்கள், கார் அவர்களைத் தேடி வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு வேலை. விலை விழுந்தது, அமெரிக்காவின் சாதாரண விவசாயியும் கார் வாங்கினான். சந்தைக்கு ஓட்டிப் போனான். பின்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, அதில் வார் மாட்டி வாளைச் சுழற்றி விறகும் அரிந்தான். பெல்ட் வேலையின் சலிப்புத் தாங்காமல் ஆட்கள் விட்டுவிட்டு ஓடியதால் சம்பளத்தை இரட்டிப்பாக்கித்தான் பிடித்து வைத்தார்களாம். இதையெல்லாம் அத்தான் ஜேர்மன் புத்தகங்களில் படித்து வைத்திருந்தார்.

இதையா வாங்கினீர்கள் என்று அக்கா ஒரு கிழமை கதைக்காமல் இருந்தபோது, அவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மச்சாள், என்ர தோளைத் திண்டது இதுதான். இதைக் கழட்டிப் பூட்டிப் பாக்காமல் நான் சாக மாட்டன்." கழற்றினார். கவுன்சில் வாடகைக்குக் கொடுத்த கராஜில் ஒரு மாரிகாலம் முழுக்க அந்தக் காரை ஆணி ஆணியாகப் பிரித்து, இடது கையால் திரும்பப் பூட்டினார். அது முதன்முதலாக உறுமியபோது பக்கத்தில் நான் நின்றேன். அவர் சிரித்ததாக ஞாபகமில்லை. தான் பூட்டிய ஒரு காரை முதன்முதலாகத் தானே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்த மனிதராக, சும்மா அதற்குள் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அதைக் கலியாணங்களுக்கு விட ஆரம்பித்தார். அந்தக் காலம் எங்கள் சனத்துக்குக் கலியாணத்தில் புதுமை காட்டும் காலம். ஒருவன் குதிரை வண்டியில் வந்தால் அடுத்தவன் இரட்டைக் குதிரை பிடிப்பான். கார் கறுப்பாக இருந்ததுதான் ஒரே தடை. ஆகவே அத்தான் அதற்குக் குங்குமச் சிவப்பு அடித்தார். பழைய கார்களின் கண்காட்சியொன்றில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பார்த்துத் தலையில் கை வைத்து, இந்த வண்டி செய்த வருடத்தில் கறுப்பு மட்டும்தான் வந்தது என்றாராம். எங்களுக்குக் கறுப்பில் மாப்பிள்ளை அழைக்கிற வழக்கமில்லை என்று அத்தான் பணிவாகச் சொல்லியிருக்கிறார். அதில் மிதிகட்டை மூன்று. எதுவும் இப்போதைய கார் மாதிரி வேலை செய்யாது. இடதில் கியர், நடுவில் ரிவர்ஸ், வலதில் பிரேக். பெற்றோல் கூட்டிக் குறைப்பது கைப்பிடியில். மாப்பிள்ளைமார் தங்கள் கலியாணத்தையே மறந்து அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

நான் மருந்துக்கடை வேலையில் எனக்கு லீவு கிடைக்கும் சனிக்கிழமைகளை அந்தக் காருக்குப் பின்னால் போவதில் செலவழித்தேன். என்னுடைய சின்னக் காரின் டிக்கியில் பெற்றோல் கலனும் ஆணி கழற்றும் சாவிகளும் இருக்கும். ஏனென்றால் மொடல் ரியில் பெற்றோல் தாங்கி முன்சீற்றுக்குக் கீழே இருக்கிறது. பம்ப் கிடையாது. வீட்டுக் கூரைத் தாங்கியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவது போல, மேலிருந்து எஞ்சினுக்குத் தானாக ஒழுக வேண்டும். தாங்கியில் குறைவாக இருக்கும்போது மேட்டில் ஏறினால் எஞ்சின் உயர்ந்துவிடும், தாங்கி தாழ்ந்துவிடும், வண்டி நின்றுவிடும். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முள்ளும் இல்லை. சீற்று மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறந்து, தடியை விட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் தடிதான் இது.

அந்தச் சனிக்கிழமை மாப்பிள்ளை வீடு சவுத்தாலில். மண்டபமோ வட லண்டனில் ஒரு செங்குத்தான மேட்டின் உச்சியில். மாப்பிள்ளை வங்கியில் வேலை செய்கிற அமைதியான பையன். அவனுடைய தாய் அப்படியில்லை. புறப்படும்போது கூறைச்சேலையும் தாலியும் வைத்த தட்டத்தை அவவே கொண்டுவந்து, அத்தானுக்குப் பக்கத்தில் முன்சீற்றில் வெள்ளைத் துணி விரித்து வைத்தா. மண்டபத்தில் மணவறைக்குக் கொண்டுபோகத்தான் அதை எடுக்க வேண்டும், வழியில் ஒருவரும் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, மினி பஸ்ஸில் முன்னால் போய்விட்டா. பிறகு யாரோ தேங்காய் உடைக்காமல் போகக்கூடாது என்றார்கள். திட்டத்தில் இல்லாத ஒரு கோயிலுக்குச் சுற்றிப் போனோம். அங்கே ஐயர் வரும்வரை எஞ்சினை அணைக்காமலே காத்திருந்தோம்.

வழக்கமாகப் பாதி வழியில் ஒரு தெருவோரம் நிறுத்தி என் கலனிலிருந்து ஊற்றுவோம். அன்றும் நிறுத்தினோம். நான் கலனைத் தூக்கிக்கொண்டு போனேன். அத்தான் தட்டத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். மெத்தையைத் தூக்கினால் தட்டத்தையும் தூக்க வேண்டும். மாப்பிள்ளை தாய்க்குப் போன் எடுத்தான். இங்கிருந்தே அவவின் சத்தம் கேட்டது. தொடவேண்டாமாம். தட்டையான பாதைக்கு இருக்கிற பெற்றோல் எப்படியும் போதும், மேட்டையும் ஒரு மூச்சில் ஏறிவிடலாம் என்று அத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெற்றோல் கலனைத் திரும்ப டிக்கியில் வைத்தேன்.

மேட்டில் கால்வாசி ஏறியதும் கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அத்தான் பிரேக்கை விட்டு மெல்லப் பின்னால் உருளவிட்டு அடிவாரத்துக்குக் கொண்டுவந்தார். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. தாய்க்கு எடுத்த போன் மேளச் சத்தத்துக்குள் அடித்து ஓய்ந்தது. கூட வந்த மாப்பிள்ளைத் தோழன் தட்டத்துக்குக் கை நீட்டினான், மாப்பிள்ளை அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் அத்தான் இறங்கி வந்து சொன்னார்.

"தம்பி, முன்னுக்கு ஏறினா இது நிண்டிடும். பின்பக்கமா ஏறினா தாங்கி மேல வரும், பெற்றோல் இறங்கும், கட்டாயம் போகும். ஆனா சனம் அபசகுனம் எண்டு கதைக்கும். நீங்கள்தான் சொல்லவேணும்."

மாப்பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்தான். "போங்கோ அண்ணை" என்றான்.

இப்படித்தான் அமெரிக்காவின் மலைநாட்டுக்காரர்கள் அந்தக் காலத்தில் மேடு ஏறினார்களாம். அவர்களுக்கு அது சாதாரணம். நான் என் காரில் பின்தொடர்ந்தேன், ஆனால் இப்போது அந்தக் கார் என்னைப் பார்த்துக்கொண்டு மேலே போனது. கண்ணாடிக்கு முன் கண்ணாடி. தலைப்பாகையோடு மாப்பிள்ளையின் முகம் வழி முழுக்க எனக்கு நேரே இருந்தது. முதலில் வெட்கப்பட்டான். பாதி மேட்டில், கீழே விரிந்துகிடந்த லண்டனைப் பார்க்கத் தொடங்கினான். அத்தானின் முகம் தெரியவில்லை. நடு மிதிகட்டையை விடாமல் அழுத்தியபடி, அந்தப் பழுதான தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்து ஓட்டினார். கழுத்து நரம்பு புடைத்திருந்ததை மட்டும் கண்டேன். அந்த மனிதருக்காக நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மண்டப வாசலும் சரிவில்தான் இருந்தது, காரைத் திருப்ப இடமில்லை. மாலை போட்ட முன்பக்கம் தெருவைப் பார்க்க, வெறும் பின்பக்கம் வாசலுக்குப் போய் நின்றது. ஆலாத்தித் தட்டோடு நின்ற பெண்கள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார்கள். மேளம் நின்றது. பெண்ணின் தாய்மாமன் உரத்துச் சொன்னார்: "மாப்பிள்ளை வரேக்கையே திரும்பிப் போற மாதிரி எல்லோ வாறார்."

தாலி முகூர்த்தத்துக்குள் ஏறியது. தட்டத்தை எடுத்த பிறகு அத்தான் கார் தரிப்பிடத்தில் மெத்தையைத் தூக்கி, தடியை விட்டு எடுத்து, நனைந்த அளவில் கத்தியால் கீறினார். "இவ்வளவு இருந்தும் முன்னுக்கு ஏறேல்ல" என்றார். சாப்பிட வரவில்லை.

தாய்மாமனின் அந்த ஒரு வசனம் எங்கள் சனம் வாழும் எட்மண்டனுக்கும் குரோய்டனுக்கும் எங்களுக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருவரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கு லிமோசீன்தான் விருப்பமாம், வெள்ளைக் குதிரை கிடைத்துவிட்டதாம், இப்படிக் காருக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அடுத்த மாரிகாலத்துக்கு முன் அத்தான் காரை கென்ற் பக்கத்து வெள்ளைக்காரர் ஒருவருக்கு விற்றார். கொடுப்பதற்கு முன் தாங்கியை வாய்வரை நிரப்பினார். தடியை மட்டும் கொடுக்கவில்லை. அது காரோடு வந்ததல்ல, தான் வெட்டியது என்றார். வீட்டில் வைத்தால் அக்கா எரித்துவிடுவாள் என்று என்னிடம் தந்தார். அடுத்த கிழமை சாண்ட்விச் தொழிற்சாலையில் சேர்ந்தார். பாண் பெல்ட்டில் வரும், இரண்டு துண்டு தக்காளி வைப்பார், பாண் போய்விடும்.

பிறகு பல வருடம் கழித்து, போன மாதம், மருந்துக்கடையில் ஒருவன் பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தான். பக்கத்தில் மனைவி, அவளுடைய கையைப் பிடித்தபடி மூத்த மகள். அன்றைய மாப்பிள்ளை. அவன்தான் என்னை அடையாளம் கண்டான். அந்தக் காரை இன்னமும் வைத்திருக்கிறீர்களா, மகளை ஒருமுறை அதில் ஏற்ற வேண்டும் என்றான். கலியாணத்தன்று நடந்ததில் தனக்கு ஞாபகம் இருப்பது அந்த மேடு மட்டும்தானாம். மனைவி சிரித்தாள். எனக்குச் சந்தோசம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கதை பரப்பியவர்களில் ஒருவராவது இவர்கள் நன்றாக இருக்கிற செய்தியைப் பரப்பினார்களா? கார் விற்றாயிற்று என்றேன்.

அன்று பின்னேரம் அத்தான் வேலை முடிந்து வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தலையில் தொழிற்சாலை வலைத்தொப்பி போட்ட தடம் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு எழும்பிப்போய், கேட்காமலே இழுப்பறையைத் திறந்து தடியை எடுத்தார். ஆழமான கோட்டைப் பெருவிரலால் தடவினார்.

"அப்ப நல்லாத்தான் இருக்கினம்" என்றார்.

"ஓம் அத்தான். இரண்டு பிள்ளையள்."

தடியைக் கரண்டிகளுக்கு நடுவில் திரும்ப வைத்து, இழுப்பறையை இடது கையால் சாத்தினார். "காலமை வேலைக்குக் கூட்டிப்போற வான் வந்திடும்" என்று சொல்லிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.