மிஸ்டர் டானுக்கு எதிராக ஒரு ஜெபம்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல உங்கள் முன் நிற்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம், நானும் சிரித்தவள்தான்.

பகாவ் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். வேலை நிரந்தரமாகப் பட்டம் வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படித்தேன். கணிதத்தில் மட்டும் இரண்டு முறை தோற்றேன். போன வருடக் கடைசியில் வந்தது இறுதி வாய்ப்பு.

என்னைக் கவிழ்த்தது திரிகோணமிதியில் வரும் ஆர்க்டான் என்ற சார்பு. ஒன்றை x-ஆல் வகுத்து, அதற்கு ஆர்க்டான் எடுக்க வேண்டும். x பூச்சியத்தை நெருங்கும்போது விடை எந்த எண்ணை நெருங்கும், அதாவது லிமிட் என்ன? வலப்பக்கமிருந்து நெருங்கினால் ஒரு விடை, இடப்பக்கமிருந்து வேறு விடை. எந்தப் பக்கம் கேட்டாலும் π/2 என்றே எழுதிவிடுவேன். பரீட்சை நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் உடைந்துபோனேன். "ஆர்க்டான் படுத்துது ஆன்ட்டி. அதுவும் இடது பக்கம் இருந்து நெருங்குறப்போ, கையெல்லாம் நடுங்குது."

கூட்டத்தை நடத்தும் ரோஸ்மேரி ஆன்ட்டி என் கையைப் பிடித்தார். "யாரும்மா அந்த டான்? சீன லெக்சரரா?"

"இல்ல ஆன்ட்டி, அது கணக்கு..."

"கணக்கு வாத்தியாரா! பயப்படாத லா."

நான் விளக்குவதற்குள் எல்லாரும் கண்ணை மூடிவிட்டார்கள். "அப்பா! அந்த மிஸ்டர் டான் எந்தப் பக்கம் இருந்து நெருங்குனாலும் நீரே குறுக்க நில்லும்! முக்கியமா இடது பக்கம்!" கூட்டமே ஆமென் என்றது.

சிரம்பானில் பரீட்சை. தாளைத் திருப்பினேன். அதே கேள்வி, இடப்பக்கமிருந்து. "ஆண்டவரே" என்று கண்ணை மூடினேன். "முக்கியமா இடது பக்கம்!" என்ற ஆன்ட்டியின் குரல்தான் மனதில் கேட்டது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்காணிப்பாளர் முறைத்தார். ஆனால் பயம் போய்விட்டது.

முதன்முறையாக நிதானமாக யோசித்தேன். பூச்சியத்துக்கு இடப்பக்கம் இருப்பவை மைனஸ் எண்கள். ஒன்றை மிகச் சிறிய மைனஸ் எண்ணால் வகுத்தால், மிகப் பெரிய மைனஸ். அப்போது ஆர்க்டான் இறங்கி இறங்கி −π/2-ஐ நெருங்கும். எழுதினேன். வலப்பக்கம் π/2, இரண்டும் ஒத்துப்போகாததால் பொதுவான லிமிட் கிடையாது என்றும் எழுதினேன்.

தேறினேன். இப்போது நிரந்தர ஆசிரியை.

பிறகு ஆன்ட்டியிடம் உண்மையைச் சொன்னேன். "அப்ப அவரு மனுஷனே இல்லயா?" என்று திகைத்தார். "சரி விடு, ஆண்டவருக்குப் புரிஞ்சிருக்கும்ல."

அதிலிருந்து எதையும் மனதுக்குள் பூட்டி வைப்பதில்லை. உங்கள் பாரத்தையும் ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் திக்கித் திணறிச் சொன்னாலும், நாங்கள் தப்பாகவே கேட்டாலும், அது சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகவே போய்ச் சேரும்.