ஏழுபடியாரை நீக்கும் திட்டம்

வணிகக் கல்லூரியில் ஏழுபடியார் பதினெட்டு ஆண்டுகளாக ஒரே பாடத்தை நடத்தி வந்தார். பாடத்தின் பெயர் மாற்ற மேலாண்மை. ஒரு நிறுவனம் பழைய வழக்கத்தை விட்டுப் புதியதற்குப் போகும்போது, உள்ளே இருப்பவர்கள் அழாமலும் அடித்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்வது எப்படி என்பதே அதன் சாரம். மாற்றத்துக்கு ஏழு படிகள் என்று அவர் விரல் மடக்கி எண்ணுவார். ஒரு கையில் ஐந்து விரல்தான் என்பதால், ஆறாவது படி வந்ததும் சாக்பீஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு மறு கையைத் துணைக்கு அழைப்பார். ஆகவே அவருடைய சட்டைகள் அனைத்திலும் இடது அக்குள் வெளுத்திருக்கும். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனதில் வியப்பில்லை.

ஏழில் அவர் உயிரை விடுவது முதல் படிக்குத்தான். யாருக்கு அதிக நஷ்டமோ அவரிடம் முதலில் போ; நேரில் போ; கசப்பை உன் வாயால் சொல். மற்ற ஆறையும் தப்பாக எழுதினால் பாதி மதிப்பெண்ணாவது விழும். இதை விட்டவனைத் தெய்வமே சிபாரிசு செய்தாலும் கரையேற்ற முடியாது.

அவருடைய மனைவி பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எந்தத் தடத்தில் போகும் என்பது அவர் கையில்.

"நீங்க வருஷம் பூரா நடத்துறதை நான் காலைல பலகையில ரெண்டு வரி எழுதி முடிச்சிடுறேன்," என்பார் அம்மையார்.

"டிரைவருங்க திட்டுவாங்களே?"

"திட்டிக்கிட்டே ஓட்டுவாங்க. வண்டி போகுதா இல்லையா?"

இதற்கு ஏழுபடியாரிடம் பதில் இருந்தது. அது நாற்பத்தைந்து நிமிடம் நீளும் என்பதால் அம்மையார் கேட்டதில்லை.

கல்லூரிக்கு ஒரு பெருமை உண்டு. இறுதியாண்டு மாணவர்கள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, எங்காவது உண்மையில் நடக்கவிருக்கும் ஒரு மாற்றத்துக்குத் திட்டம் எழுத வேண்டும். திட்டம் தேறினால் அந்த நிறுவனம் அதை எழுத்துப் பிசகாமல், வரிசை மாறாமல் நிறைவேற்ற வேண்டும். தேறாவிட்டால் அந்த மாற்றத்தை ஒரு வருஷத்துக்குத் தொடக் கூடாது. இப்படிச் சம்மதக் கையெழுத்துப் போடும் இடத்துக்கே மாணவர்களை அனுப்புவார்கள். போன வருஷம் ஒரு சலவை நிலையம், அதற்கு முந்தைய வருஷம் ஒரு பல் மருத்துவமனை. விதியை எழுதியவர் ஏழுபடியார். தேறியதா என்று தீர்ப்பவரும் அவரே.

இந்த வருஷம் ஒரு குழுவுக்கு வெளியே எங்கும் இடம் அகப்படவில்லை. கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார்கள். முதல்வர் நல்ல மனிதர். யாரிடமும் கெட்ட செய்தி சொல்லிப் பழகாத அளவுக்கு நல்லவர். அவர் மேசை இழுப்பறையில் ஒரு கெட்ட செய்தி மூன்று மாதமாகப் புழுங்கிக்கொண்டிருந்தது. அதை மாணவர்கள் தலையில் கட்டினார். சம்மதக் கையெழுத்தும் போட்டார். அன்று மதியம் நிம்மதியாகத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை மூவரும் ஏழுபடியாரின் அறைக்கு வந்தார்கள். குழுத் தலைவிக்கு வாய் ஓயாது. நெட்டைப் பையனுக்கு ஒரு கம்பெனியில் வேலை தயாராக இருந்தது. இதில் தேற வேண்டியதுதான் பாக்கி. மூன்றாமவன் தட்டச்சு செய்வதற்காகச் சேர்க்கப்பட்டவன். பேசியதாகத் தகவல் இல்லை.

தலைவி படிவத்தை நீட்டினாள். ஏழுபடியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'மாற்றம்: வரும் ஆண்டு முதல் மாற்ற மேலாண்மைப் பாடம் நீக்கப்படும். அதன் சாரம் தலைமைப் பண்புப் பாடத்தில் இரண்டு வகுப்புகளில் சொல்லப்படும். பாதிக்கப்படுபவர்: ஒருவர். மாற்று ஏற்பாடு: விடுதிக் காப்பாளர் பணி. எதிர்ப்பு: இராது. ஆசிரியர் சாது.'

இரண்டாம் முறையும் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"முதல் படி என்ன?"

"நஷ்டப்படுறவர்கிட்ட நேர்ல போய்ச் சொல்லணும் சார்."

"சொன்னீங்களா?"

"அதான் நேர்ல வந்திருக்கோமே சார்!"

"வந்தீங்க. சொல்லலையே. காகிதத்தை நீட்டினீங்க, நானாப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். பத்து மார்க் போச்சு."

நெட்டை குறுக்கே புகுந்தான். "சார், மொத்தமா ஃபெயில் போட்டுட மாட்டீங்களே?"

"போட்டா என் பாடம் ஒரு வருஷம் பிழைக்கும். அதை யோசிச்சீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்ல சார்."

"ஏன் யோசிக்கல? எதிர்ப்பு எந்தப் பக்கத்துலேருந்து வரும்னு பாக்கணும்ல? அதுக்கு அஞ்சு மார்க் போச்சு. சாதுன்னு யார் சொன்னது?"

"முதல்வர் சார்."

"அந்த வார்த்தையை வெட்டிடுங்க."

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னார். அம்மையார் துவைத்த துணியை மடித்துக்கொண்டே தீர்ப்பளித்தார்.

"முட்டை போட்டு அனுப்புங்க. இதுல என்ன யோசனை?"

"அந்த நெட்டைப் பையனுக்கு வேலை போயிடும்."

"உங்களுக்குப் போகுதே?"

"எனக்குத்தான் விடுதி இருக்கே."

"நம்ம வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாத்த ஆறு மாசம் ஆச்சு. இருநூறு பேரு குளிக்கிற குழாயை இவரு பாத்துக்கப் போறாராம்."

"திட்டம் சரியா இருந்தா எப்படி ஃபெயில் போடுறது?"

"சரியா இருக்கா?"

"படு மட்டம். திருத்தணும்."

அம்மையார் மடித்த துணியை மடியில் வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தனக்குக் குழி வெட்டுறவன் மண்வெட்டிக்குச் சாணை பிடிச்சுக் குடுக்கிறதை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

மூன்று வாரம் திருத்தம் நடந்தது. குழப்பம் வராதிருக்க ஏழுபடியார் ஓர் ஏற்பாடு செய்தார்: வழிகாட்டும் ஆசிரியராகப் பேசும்போது சுழல் நாற்காலியில் உட்காருவார், பாதிக்கப்படுபவராகப் பேசும்போது மேசைக்கு அந்தப் பக்கம் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார்.

"பாடம் போனா உங்களுக்கு எப்படி இருக்கும் சார்?" என்று கேட்டாள் தலைவி.

எழுந்து போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "அவமானமா இருக்கும். பதினெட்டு வருஷம் ஒண்ணையே சொல்லிக்கிட்டிருந்தவனுக்கு வேற ஒண்ணும் தெரியாது. நாலு நாளா சாப்பாடு இறங்கல."

தலைவியின் பேனா நகரவில்லை. அவர் எழுந்து சுழல் நாற்காலிக்குத் திரும்பினார்.

"ஏன் எழுதல? நஷ்டப்படுறவன் வாயைத் திறந்தா ஒரு எழுத்து விடாம எழுதிக்கணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனா இல்லையா?"

மூன்றாமவன் குனிந்து எழுதத் தொடங்கினான்.

இறுதித் திட்டம் வந்தது. முதல் படி இப்படி இருந்தது: 'கல்லூரி முதல்வர் ஆசிரியரைத் தனியாகச் சந்தித்து, பாடம் நீக்கப்படுவதைத் தம் வாயால் சொல்ல வேண்டும். கடிதம், தொலைபேசி, தூதர் கூடாது. இது முடியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.' காற்புள்ளி முதற்கொண்டு ஏழுபடியார் போட்டது.

மதிப்பெண் தாளோடு அவர் கதவைச் சாத்திக்கொண்டார். தேற நாற்பது வேண்டும். கூட்டினார், எழுபத்தொன்று வந்தது. பேனாவைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடி கூட்டினால் குறையுமோ என்று கூட்டிப் பார்த்தார். ஒன்று கூடியது. எழுபத்திரண்டு என்று எழுதி, கையெழுத்திட்டு, அவரே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தார். நெட்டை வேலையில் சேர்ந்தான்.

அடுத்த வாரம் முதல்வர் ஏழுபடியாரின் அறைக்கு வந்தார்.

"வாங்க சார்."

"சும்மாதான். உடம்பெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"வீட்ல?"

"நல்லா இருக்காங்க."

முதல்வர் தொண்டையைச் செருமினார். ஏழுபடியார் எழுந்து போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல்வர் அண்ணாந்து பார்த்தார். "ஃபேன் ரொம்ப சத்தம் போடுதே?"

"பதினெட்டு வருஷமா போடுது சார்."

"அப்படியா!" என்று சொல்லிவிட்டு, சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, முதல்வர் போய்விட்டார். மறுநாள் புதிய மின்விசிறி வந்தது.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார், அலமாரி வந்தது. அதற்கடுத்த முறை ஜன்னலுக்குத் திரை. ஆண்டு முடிவதற்குள் கல்லூரியிலேயே வசதியான அறை ஏழுபடியாருடையது என்று பேச்சானது. முதல் படி நிற்குமிடத்திலேயே நின்றதால், வரும் ஆண்டுக் கால அட்டவணையில் அவர் பாடமும் நின்றது.

"நீங்களே கேட்டுடுங்களேன், 'என் பாடத்தைத் தூக்குறீங்களா'ன்னு," என்றார் அம்மையார்.

"கூடாது. அவர் வாயால சொல்லணும்னு திட்டத்துல இருக்கு."

"அந்த மனுஷன் சொல்லவே போறதில்ல. பேசாம இருங்க."

"எப்படிப் பேசாம இருக்கிறது? தேறின திட்டம், நட்டாத்துல நிக்குது. பாவம், அவருக்குப் பயிற்சி இல்ல."

ஏழுபடியார் முதல்வரைப் போய்ப் பார்த்தார். சனிக்கிழமை மதியங்களில், தனியாக, முதல் படியை மட்டும் சொல்லித் தருவதென்று ஏற்பாடானது. ஏழுபடியாரை யாரோ ஒரு வாயிற்காவலராக நினைத்துக்கொண்டு, அவருக்கு வேலை போய்விட்டதென்று முதல்வர் சொல்லிப் பழக வேண்டும்.

நான்காவது சனிக்கிழமை முதல்வர் "உக்காருங்க" வரைக்கும் வந்துவிட்டார். அதற்குமேல் கண் கலங்கிவிட்டது. ஏழுபடியார் தண்ணீர் கொடுத்தார். பிறகு குறிப்பேட்டில், 'முன்னேற்றம் தெரிகிறது. அவசரப்படுத்தலாகாது' என்று எழுதிக்கொண்டார்.