ஒரு மாடிப்படி

பெங்களூர் போகிற நாளில் அண்ணனின் தோள்பையில் கண் சொட்டு மருந்தும் தேங்காய் எண்ணெய் டப்பாவும் ஈரத்துணியும் இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உள்ளே போகமாட்டார். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் சொட்டு விட்டுக்கொள்வார். வறண்டு இறுகிப்போன முழங்கைகளில் நான் எண்ணெய் தேய்ப்பேன். உதட்டை ஒற்றிக்கொண்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டு, "போலாம் பாப்பா" என்று எழும்போது ஒரு குறையும் இல்லாத ஆளாகத் தெரிவார்.

ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அண்ணன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நானும் பக்கத்திலேயே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்பவள். தரத்தைச் சோதிக்க ஆடிட் வருகிறது என்றால் எங்கள் ஊர்க் கம்பெனிகளில் என்ன நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தரையில் புது மஞ்சள் கோடு விழும். ரிஜெக்ட் ஆன பீஸெல்லாம் பின்பக்க ஸ்டோருக்கு ஓடி ஒளியும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு என்று சூப்பர்வைசர் காதில் ஓதுவார். அண்ணன் தன் உடம்பையும் அப்படித்தான் ஆடிட்டுக்குத் தயார் செய்தார். நான் உடந்தை.

அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது எங்கள் வீட்டில் என் ரத்தத்தின் ஸ்டெம் செல்தான் பொருந்தியது. கொடுத்தேன், பிழைத்தார். சொந்த ஊரான சிங்காரப்பேட்டையில் இருந்து வந்த சொந்தக்காரர்கள் என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்போதே எச்சரித்திருந்தார். தங்கையின் அணுக்கள் அண்ணன் உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்கலாம். உடனே வரலாம், பல மாதம் கழித்து மெதுவாகவும் வரலாம். மெதுவாக வருவதைக் கண்டுபிடிப்பது நீங்கள் சொல்வதில்தான் இருக்கிறது என்றார்.

தீபாவளியன்று நான் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு ஸ்வீட் டப்பாவோடு ஏறி வந்த அண்ணன், மேல்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு இரைத்தது. என்னைப் பார்த்ததும் போன் பேசுவதுபோல் காதில் வைத்துக்கொண்டார். போனின் திரை இருண்டே இருந்தது. நான் பார்த்தும் பார்க்காததுபோல் உள்ளே போய் டீ போட்டேன். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் மூச்சின் அளவு பார்க்கக் குழாயில் ஊதச் சொன்னபோது, "சளி புடிச்சிருக்குது மேடம், அடுத்த தடவ ஊதறன்" என்று தப்பித்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பொங்கல் கழித்துப் போனபோது தப்பிக்க முடியவில்லை. பஸ் ஸ்டாப்பில் இருந்து மரத்தடி வரைக்கும் சமதரையில் நடப்பதற்குள் இரண்டு முறை நின்றார். டாக்டரம்மா வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கன்னத்தின் உட்புறம் வெள்ளை நூல் பின்னியதுபோல் கோடுகள். இது ஒன்றே போதும், அன்றைக்குச் சொன்ன தாக்குதல்தான் மெதுவாக வந்திருக்கிறது என்றார். கீழிமைக்குள் காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் உட்காரவைத்தார்கள், பட்டை நனையவேயில்லை. கடைசியில் ஊதச் சொன்னார்கள். அந்த மெஷினுக்கு எண்ணெய் தடவ முடியாது.

"எவ்ளோ நாளா மூச்சு வாங்குது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு பத்து நாளா இருக்கும் மேடம்."

"இல்லீங்க மேடம்," என்றேன். "தீபாவளியில இருந்தே வாங்குது."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா படிவத்தை எடுத்து வாய், கண், தோல், மூட்டு, நுரையீரல் என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்தில் இருந்து மிக மோசமான மூன்று வரை மதிப்பெண் போட்டார். மற்றதெல்லாம் ஒன்று. நுரையீரலுக்கு மட்டும் இரண்டு. நுரையீரல் இரண்டு என்றால், மற்றவை எப்படி இருந்தாலும், மொத்தமும் கடுமையான வகையில்தான் சேரும் என்றார்.

"ஒரு கிரிட்டிகல் டிஃபெக்ட் இருந்தா மொத்த லாட்டும் ரிஜெக்ட். அப்படித்தானுங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"ரிஜெக்ட் எல்லாம் இல்ல. மருந்து இருக்குது. ஆனா போன மூச்சு திரும்பி வராது. இருக்கறத காப்பாத்தலாம்."

திரும்பி வரும்போது அத்திப்பள்ளி தாண்டியதும் அண்ணன், "உன் ரத்தம்தான் என்னப் படுத்துதுன்னு தெரிஞ்சா நீ சோறு திங்கமாட்டியேன்னுதான் மறைச்சன். நீ பாத்துட்டியா தீபாவளி அன்னைக்கி?" என்றார்.

"பாத்தேன்."

"பின்ன ஏன் சொல்லல?"

பயம்தான். என் ரத்தம் தப்பு செய்தது என்று ஊர் பேசுமே என்கிற பயம். அவர் எனக்காக மறைத்தார், நானும் எனக்காகத்தான் மறைத்தேன். அது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "உடு பாப்பா, ரெண்டு பேருமே ஆடிட் பார்ட்டிதான்," என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

இப்போது அண்ணன் தரைத்தளத்து வீட்டுக்கு மாறிவிட்டார். கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். மருந்து வேலை செய்கிறது. ஒவ்வொரு முறை ஊதும்போதும் அதே இரண்டு, கூடவுமில்லை குறையவுமில்லை. நல்ல சேதி என்கிறார் டாக்டரம்மா. போன மாதம் அந்தப் படிவத்தை முதல்முறையாக வாங்கி முழுசாகப் படித்தேன். நுரையீரல் வரிசையில் இரண்டுக்கு நேராக, சமதரையில் நடந்தால் மூச்சு வாங்கும் என்று இருந்தது. அதற்கு முந்தைய கட்டத்தில், ஒன்றுக்கு நேராக, ஒரு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் என்று இருந்தது.