மார்னி சொன்ன ஒரு ‘ஆமாம்’

மார்னி லெஹ்டோவுக்கு அப்போது இருபது வயது. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும் நோய் அவளுக்கு இரண்டு வயதிலேயே வந்துவிட்டது. வலது கையில் மூன்று விரல்கள் மட்டும் போனைத் தட்டவும் மின்சாரச் சக்கர நாற்காலியை ஓட்டும் குமிழைத் திருப்பவும் போதுமான அளவுக்கு அசையும். கட்டிலைவிட்டு எழ, கழிப்பறைக்குப் போக, சட்டை மாட்ட, தலை சீவ, எல்லாவற்றுக்கும் இன்னொருவருடைய இரண்டு கைகள் வேண்டும். வாய்க்கு மட்டும் யார் உதவியும் தேவையில்லை. “உனக்கு ரெண்டு பேரோட வாயைச் சேர்த்துக் குடுத்துட்டாங்க” என்பாள் அவள் அம்மா.

அம்மா ஹிப்பிங்கில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அங்கிருந்து ஏரிக்கரை நகரமான டுலூத்துக்கு ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். மார்னி டுலூத்தில் கல்லூரி சேர்ந்து, ஏரி நீரைப் பற்றிப் படித்து, ஒருநாள் பரிசோதனைக்கூடத்தில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டபோது, அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“காலைல உன்னை யார்டி எழுப்புவா?”

“அதுக்கு ஆள் வருவாங்கம்மா. அரசாங்கமே குடுக்குது.”

அரசாங்கம் குடுத்தது மணிக்கணக்கைத்தான். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று காகிதத்தில் இருந்தது. அந்த மணிகளுக்குள் வந்து நிற்கும் ஆளை, உதவியாட்களை அனுப்பும் ஓர் ஏஜென்சி அனுப்ப வேண்டும். முதல் வருடத்தில் ஒன்பது பேர் வந்து போனார்கள். ஒருத்தி பர்கர் கடையில் அதிகச் சம்பளம் கிடைக்கிறதென்று போய்விட்டாள். ஒருத்தி சொல்லாமலே நின்றாள். ஒருவன் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்ளோ வேலைன்னு சொல்லலியே” என்று திரும்பிப் போனான்.

கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று ஓர் அலுவலகம் இருந்தது. அங்கிருந்த அம்மாள் நல்லவள். தேர்வுக்குக் கூடுதல் நேரம் வாங்கிக் கொடுத்தாள், குறிப்பெடுக்க ஆள் போட்டாள், கனமான கதவுகளுக்குப் பொத்தான் வைக்கச் சொன்னாள். “ஆனா கட்டில்ல இருந்து வகுப்பு வரைக்கும் எங்க பொறுப்பு இல்லம்மா. வகுப்புக்கு வந்ததுக்கு அப்புறம்தான் நாங்க” என்றாள்.

பத்தாவதாக வந்தவள் ரோண்டா டெஃபோ. நாற்பத்தெட்டு வயது, அகலமான தோள், பக்கத்து ஓஜிப்வே பழங்குடி ஊர்க்காரி. முதல் நாளே கட்டிலுக்கு மேலே தொங்கிய, ஆளைத் தூக்கும் கருவியைப் பார்த்துவிட்டு, “சரி, உன்னைத் தூக்கற இந்தத் தொட்டிலுக்கு ஒழுங்கா எண்ணெய் போட்டாங்களா, இல்ல நாம ரெண்டு பேரும் சேர்ந்து விழணுமா?” என்று கேட்டாள். மார்னிக்கு அன்றைக்கே பிடித்துப்போனது. ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை, ரோண்டா வந்த காலைகளில் மார்னி கடிகாரத்தை மறந்திருந்தாள்.

ஜனவரியில் ரோண்டாவின் கார் நின்றுபோனது. அதற்குப் பிறகு பஸ். பனி விழுந்தால் டுலூத்தின் மேட்டுத் தெருக்களில் பஸ் எப்போது ஏறும் என்று டிரைவருக்கே தெரியாது. ஜனவரி ஒன்பதாம் தேதி அவள் வரவே முடியவில்லை. அறைத்தோழி டெஸ்தான் மார்னியைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். மறுநாள் ரோண்டா தலையைக் குனிந்துகொண்டு வந்தாள்.

“கண்ணு, ஏஜென்சிக்கு ஒண்ணும் சொல்லிடாத. அங்க மூணு தடவை வராம இருந்தா வேலை போயிடும்.”

“நான் ஏன் சொல்லப் போறேன்?” என்றாள் மார்னி.

இருபத்து மூன்றாம் தேதி நடந்தது வேறு. முதல் நாள் மாலையிலேயே பனியால் வகுப்பு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். விடுதி முழுக்க, நாளைக்குப் பத்து மணி வரை தூங்கலாம் என்று ஒரே கும்மாளம். மார்னிக்கும் அந்த ஆசை வந்தது. எல்லோரையும் போல ஒரு நாள் யாரும் வந்து எழுப்பாமல் கிடக்க வேண்டும். டெஸ் அறையில்தான் இருந்தாள், பத்து மணிக்குத் தூக்கிவிடுகிறேன் என்றாள். மார்னி ரோண்டாவுக்குப் போன் போட்டாள்.

“நாளைக்கு வராதீங்க. நீங்களும் நல்லா தூங்குங்க.”

“ஏஜென்சிக்கு?”

“நானே சொல்லிடறேன்.”

சொல்லவில்லை. மறந்துவிட்டாள்.

பிப்ரவரி ஆறாம் தேதி, வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு வேதியியல் தேர்வு. ரோண்டா ஆறரைக்கு வர வேண்டும். ஆறரை ஆனது, ஏழு ஆனது. டெஸ் விடியும் முன்பே காபிக் கடை வேலைக்குப் போயிருந்தாள். வேலை நேரத்தில் அவள் போன் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். ரோண்டாவின் போன் அடிக்கவே இல்லை. ஏஜென்சியின் அவசர எண்ணில் ஒரு குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டதற்குக் கல்லூரிக் காவலர் ஒருவர் வந்து கதவருகில் நின்றார். மாணவரைத் தொட்டுத் தூக்க அவர்களுக்கு அனுமதி இல்லையாம். ஜன்னல் திரையை மட்டும் விலக்கிவிட்டுப் போனார்.

எட்டு மணி ஆனது. சிறுநீரை அடக்க முடிந்தவரை அடக்கினாள். எட்டே முக்காலுக்கு முடியவில்லை. ஈரம் முதலில் சூடாக இருந்தது, பிறகு குளிர்ந்தது. அசையவும் முடியாமல் அதிலேயே ஒரு மணி நேரம் கிடந்தாள்.

ஒன்பதே முக்காலுக்குக் கதவு திறந்தது. ரோண்டாவின் புருவத்தில் பனி உறைந்திருந்தது. மூச்சு வாங்கியது. பஸ் மேட்டில் சறுக்கி நின்றுவிட்டது, போனில் உயிர் இல்லை, அங்கிருந்து நடந்தே வந்தேன் என்றாள். மார்னி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தாள். ரோண்டா அறையின் வாடையை முகர்ந்திருப்பாள். விறைத்த கைகளை முதலில் வெந்நீரில் காட்டிச் சூடாக்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் மார்னியைத் தொட்டாள். கழுவினாள், துடைத்தாள், உடை மாட்டினாள், நாற்காலியில் உட்கார வைத்தாள். விரிப்புகளைச் சுருட்டிக் கீழே எடுத்துப் போய்த் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்து விரித்தாள். போகும்போது சொன்னாள்.

“உன் வாத்தியார்கிட்ட நான் வேணா வந்து சொல்றேன் கண்ணு. என் தப்புன்னு.”

“தேவையில்ல” என்றாள் மார்னி.

தேர்வை மறுபடி எழுத வேண்டுமானால் உதவியாள் வரவில்லை என்று ஏஜென்சியே எழுதித்தர வேண்டும் என்றார் பேராசிரியர். ரோண்டா போய் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அவள் துவைத்துப் போட்ட விரிப்பின் சூடு அறையில் இன்னும் இருந்தது. மார்னி ஏஜென்சிக்குப் போன் செய்தாள். இந்த முறை மேற்பார்வையாளரே எடுத்தார். இனிமையான குரல்.

“இன்னிக்கு மூணு மணி நேரத்துக்கு மேல லேட்டா? அதுவும் வராத நாள் கணக்குதான், எழுதிக்கறேன். கம்ப்யூட்டர்ல இன்னும் ரெண்டு நாள் அவங்க வந்ததாப் பதிவே இல்லியே. ஜனவரி ஒம்பது, ஜனவரி இருபத்து மூணு. அந்த ரெண்டு நாளும் வரலியா?”

மார்னிக்குத் தேவைப்பட்டது அன்றைய ஒரு நாள் மட்டும்தான். இருபத்து மூன்று என்று கேட்டதுமே அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. மறந்தேன் என்று பிற்பாடு அவள் தன்னிடமே சொல்லிப் பார்த்தது உண்டு, ஆனால் மறக்கவில்லை. உடம்பில் அந்தக் குளிர்ந்த ஈரத்தின் உணர்ச்சி இன்னும் போகாமல் இருந்தது. யாராவது அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

“ஆமா” என்றாள்.

மறுநாள் காலை ரோண்டா வரவில்லை. மூன்று நாள் கணக்காகி வேலை போய்விட்டது. பத்து நாள் கழித்து மார்னி மறுதேர்வு எழுதினாள், நல்ல மதிப்பெண் வந்தது.

ஏஜென்சி, ஆள் அனுப்புகிறோம் என்றது. ஐந்து வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் சேர்ந்து நான்கு காலைகள். மற்ற நாட்களில் டெஸ்தான் புரட்டி, நிமிர்த்தி, தூக்கினாள். அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு, அம்மா பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு ஹிப்பிங்கிலிருந்து வந்து தரையில் மெத்தை போட்டுப் படுத்தாள். வரும்போது மாட்டிறைச்சிக்கு மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கிச் சுட்டு எடுத்து வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாள் மார்னிக்குத் தலை சீவிக்கொண்டே கேட்டாள்.

“அந்த ரோண்டா நல்ல பொம்பளைன்னு சொல்லிட்டிருந்தியே. ஏன் நின்னுட்டா?”

“பஸ் சரியா வரலம்மா.”

“பாவம்” என்றாள் அம்மா, ரோண்டாவை நினைத்து.

டெஸ்ஸிடம்தான் மார்னி முதலில் வாய் திறந்தாள். டெஸ் இடுப்பில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“இருபத்து மூணாம் தேதி உன்னைத் தூக்குனவ நான். பத்து மணிக்கு. நீ வரவேண்டாம்னு சொன்னதும் எனக்குத் தெரியும். இப்ப என் இடுப்பு போனதுக்கும் நீ சொன்ன ‘ஆமா’தான் காரணம்னு சொல்லட்டுமா?”

“சொல்லு.”

“சொல்ல மாட்டேன் போ. சொன்னா உனக்கு நிம்மதியாயிடும்.”

அன்று மதியமே மார்னி மூன்று விரல்களால் ஒரு கடிதம் தட்டினாள். இருபத்து மூன்றாம் தேதி ரோண்டாவை நான்தான் வரவேண்டாம் என்று சொன்னேன், ஏஜென்சிக்குத் தெரிவிப்பதாக அவரிடம் சொல்லித் தெரிவிக்காமல் விட்டதும் நான்தான், நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன். ஏஜென்சிக்கு ஒரு பிரதி, பேராசிரியருக்கு ஒரு பிரதி. மறுதேர்வை ரத்து செய்தால் செய்யட்டும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டாள்.

பேராசிரியர் ஒரு வரி எழுதினார்: ஆறாம் தேதி நடந்தது நடந்ததுதான், மதிப்பெண் அப்படியே இருக்கும். ஏஜென்சி இரண்டு வரி எழுதியது: பதிவைத் திருத்திவிட்டோம், அந்த ஊழியரின் கோப்பு ஏற்கெனவே முடிக்கப்பட்டுவிட்டது. மார்னிக்கு எந்த நஷ்டமும் வரவில்லை. அதுதான் இன்னும் அதிகமாக உறுத்தியது.

ரோண்டா ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று டெஸ் விசாரித்துச் சொன்னாள். ஏப்ரல் மாதம் ஒரு நாள், பஸ்ஸின் சாய்வுப்பலகை வழியே நாற்காலியை ஏற்றி, மார்னி தனியாகப் போனாள். சாமான் இறக்கும் வாசலருகே ரோண்டா இடைவேளையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு குவளை காட்டரிசி சூப்.

“யார் உனக்கு இந்த ஜாக்கெட் மாட்டிவிட்டது? பொத்தானெல்லாம் கோணலா இருக்கு” என்றாள்.

“அம்மா.”

“அவங்களுக்குக் கண்ணாடி வாங்கிக் குடு.” ஆனால் கிட்ட வந்து பொத்தானைச் சரி செய்யவில்லை.

மார்னி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. “நான் அவங்களுக்குக் கடிதம் எழுதிட்டேன். இருபத்து மூணாம் தேதியைப் பத்தி” என்றாள்.

“தெரியும். போன் பண்ணிச் சொன்னாங்க.” ரோண்டா சூப்பைக் கலக்கினாள். “ஆறாம் தேதியைப் பத்தி நீ சொன்னது சரி. நானா இருந்தாலும் சொல்லுவேன். அப்படி ஒரு பொண்ணை மூணு மணி நேரம் போட்டு வெச்சது என் தப்பு. அதுக்கு நான் ராத்திரியெல்லாம் தூங்கல. ஆனா இருபத்து மூணு? நான் அவங்ககிட்ட சொன்னேன், அந்தப் பொண்ணை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க, அது பொய் சொல்லாதுன்னு. கேட்டாச்சு, ஆமான்னு சொல்லிச்சுன்னாங்க.”

“எனக்கு அன்னிக்குக் கோபம்.”

“எனக்கும் கோபம் வரும், கண்ணு. என் கோபத்தால யாருக்கும் வேலை போனதில்ல.”

ஒரு லாரி பின்னால் வந்தது. ரோண்டா நாற்காலியின் குமிழைத் திருப்பி ஓரமாக நகர்த்தினாள், அதே பழைய லாகவத்தோடு. பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

“திரும்பி வருவீங்களா? இப்ப அரசாங்கப் பணத்துல நானே ஆள் வெச்சுக்கற திட்டத்துல சேரப் போறேன். ஏஜென்சி கிடையாது. நாம ரெண்டு பேர்தான்.”

“மாட்டேன்” என்றாள் ரோண்டா, யோசிக்காமலே. “இங்க துணி துவைக்கறேன். துணி யாருக்கும் போன் பண்ணாது.” சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். மார்னிக்குச் சிரிப்பு வரவில்லை. “போ, உன் பஸ் வந்துடும். அடுத்ததுக்கு நாப்பது நிமிஷம் காத்திருக்கணும்.”

மார்னி அந்தத் திட்டத்தில் சேர்ந்தாள். நர்சிங் படிக்கும் இரண்டு பெண்களையும், கடிதம் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்ற ஒருவரின் மனைவியையும் அவளே பேசி வேலைக்கு வைத்தாள். ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தி என்று ஒவ்வொரு காலைக்கும் மாற்று ஆள். அப்படியும் சில காலைகள் யாரும் இல்லாமல் போயின. இரண்டு பாடங்களைக் கைவிட வேண்டி வந்தது. நான்கு வருடப் படிப்பு ஆறு வருடம் ஆனது.

வெகு நாள் அவளால் யாரையும் கடிந்து பேச முடியவில்லை. நர்சிங் பெண்களில் ஒருத்தி வாரத்தில் இரண்டு முறை அரைமணி நேரம் தாமதமாக வருவாள். மார்னி பல்லைக் கடித்துக்கொண்டு “பரவாயில்ல” என்பாள். டெஸ்ஸுக்கு எரிச்சலாக வரும். “ரோண்டாவுக்கு நீ செஞ்ச பாவத்துக்கு இவளுக்கு ஏன்டி வட்டி கட்டற?” என்று கேட்டாள் ஒரு நாள். அதற்கு அடுத்த வாரம் மார்னி அந்தப் பெண்ணை உட்கார வைத்து, எந்தெந்த நாள் எத்தனை நிமிடம் என்று சொன்னாள். ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தேதியையும் இரண்டு முறை சரிபார்த்திருந்தாள். அந்தப் பெண் அழுதாள். பிறகு நேரத்துக்கு வந்தாள்.

இப்போது மார்னி ஏரி நீரைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பட்டமளிப்புக்கு ரோண்டாவுக்கு அழைப்பு அனுப்பினாள். பதில் இல்லை. போன குளிர்காலத்தில் மளிகைக் கடை வரிசையில் ரோண்டா முன்னால் நிற்பதைப் பார்த்தாள். கூப்பிடலாமா என்று நினைப்பதற்குள் ரோண்டாவே திரும்பிவிட்டாள். எப்படி இருக்கே என்று கேட்டாள், வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டாள், இந்த வருடம் பனி பரவாயில்லை என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு போனாள். தன்னைப் பெயர் சொல்லியோ கண்ணு என்றோ அவள் ஒரு தடவையும் கூப்பிடவில்லை என்பது, வெளியே வந்து வண்டிக்குக் காத்திருக்கும்போதுதான் மார்னிக்கு உறைத்தது.