அப்பாவின் இடது காது

அப்பாவின் வீட்டை என் பெயருக்கு மாற்றத்தான் ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞரிடம் அவரை அழைத்துப் போனேன். செபராங் ஜெயாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டும்வரை காரில் எல்லாவற்றையும் விளக்கினேன். அப்பா தலையாட்டிக்கொண்டே வந்தார். தங்கையின் பங்கைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

வழக்கறிஞர் சின்ன வயதுப் பெண். அப்பாவிடம் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க. இது அப்பாவோட வீடுலா, அவர்கிட்டதான் கேக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. வெளியே வந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் நாற்காலியை அப்பாவின் இடது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வீட்டில் அதிகம் பேசாத அப்பா, கையை ஆட்டி ஆட்டி அரைமணி நேரம் பேசினார்.

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"இருக்குற வரைக்கும் வீடு அவர் பேர்லயே இருக்கட்டுமாம். அதுக்கப்புறம் உங்களுக்கும் தங்கச்சிக்கும் பாதிப் பாதின்னு உயில் எழுதச் சொல்றாரு. அண்ணே, அப்பாவுக்கு வலது காது கேக்காதுன்னு தெரியுமா?"

தெரியாது. சில நிமிடங்களில் அந்தப் பெண் கவனித்ததை, ஒரே வீட்டில் இருக்கும் நான் கவனிக்கவில்லை. காரில் என் பக்கம் இருப்பது அவருடைய வலது காது.

அன்று காரை உடனே எடுக்கவில்லை. சுற்றிப் போய் அப்பா பக்கத்துக் கதவைத் திறந்து அவருடைய இடது காதருகே குனிந்தேன்.

"சாப்பிட எங்கப்பா போலாம்?"

அவர் யோசித்துப் பதில் சொல்லும்வரை நான் பேசவில்லை.