மெரேசெய்னி தரையில்தான் உட்காருவாள்

"மூணே முக்கால் கிலோ! மூக்கு அப்படியே என் மூக்கு!"

பஸ் டிரைவர் எதுவும் கேட்கவில்லை. மெரேசெய்னிக்குப் பேரன் பிறந்து பதினோரு நாள் ஆகிறது. சுவா என்ற தீவு நகரத்தில் இப்போது யாரும் அவளை எதுவும் கேட்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியின் மனநோய் வார்டில் பத்தொன்பது வருடமாக ஆயா. தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு வருகிறவர்களுக்குக் காவலாகப் பக்கத்தில் உட்காருவது அவள் வேலை. நாற்காலி போட்டால் தள்ளிவிட்டுப் பாய் விரிப்பாள். "அவங்க படுத்திருக்கையில நான் உசரத்துல உக்காந்து பாக்கணுமா?" ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒருவரையும் கேட்டதில்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கு டப்பாவைத் திறந்து, "சாப்டியா?" என்பாள். சந்தையில் யாராவது "பைத்தியங்களோடயா வேலை?" என்று இளித்தால், சட்டைக் காலரை நிமிர்த்திக்கொள்வாள். "ஆமா. உன்னோட மாரடிக்கறதுக்கு அது எவ்வளவோ தேவல."

அப்பேர்ப்பட்டவள் நேற்று சறுக்கினாள். கடாவு தீவுக்காரர் செவுலோனிக்கு இரண்டு கையிலும் கட்டு. மெரேசெய்னி கூட இருந்தால்தான் நர்ஸைக் கட்டைத் தொட விடுவார். நேற்று பேரன் நினைப்பிலேயே வந்தவள், அவர் தலைமாட்டு அலமாரியிலிருந்து பஞ்சை எட்டி எடுத்துவிட்டாள். அந்தத் தீவுகளில், ஒருவர் தலைக்கு மேல் கை போனால் முதலில் "திலோ" என்று அனுமதி கேட்க வேண்டும். எடுத்தபின் உள்ளங்கையைக் குவித்துத் தட்ட வேண்டும். நடை பழகும் பிள்ளைக்கும் அங்கே இது தெரியும்.

செவுலோனி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆமா, எனக்கெல்லாம் எதுக்கு மரியாதை?"

அதோடு கட்டை யாரும் தொட முடியவில்லை. புண்ணில் சீழ் வைக்கத் தொடங்கியிருந்தது. "நாளைக்கும் விடலேன்னா கையே போயிடும்" என்றார் சிஸ்டர் பிரேமிளா.

இன்று காலை மெரேசெய்னி கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, தலை குனிந்து, கை குவித்து மூன்று முறை தட்டினாள்.

"திலோ, ஐயா. நேத்து உங்க தலைக்கு மேல கேக்காம கை நீட்டிட்டேன். தப்பு என்னுது."

வார்டே வேடிக்கை பார்த்தது. செவுலோனி சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பினார். பிறகு கட்டுப்போட்ட கைகளைச் சேர்த்து, சத்தமே எழாமல் ஒரு தட்டு. இடது கையை சிஸ்டர் பக்கம் நீட்டினார்.

கட்டு மாற்றி முடித்து சிஸ்டர் பேனாவைத் திறந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்த மெரேசெய்னி சொன்னாள்:

"கட்டு மாத்தியாச்சுன்னு மட்டும் எழுதாதீங்க சிஸ்டர். ஆயா பண்ணினது தப்பு, செவுலோனி ஐயா மன்னிச்சாருன்னு எழுதுங்க. கொட்டை எழுத்துல!"